கோப்பை வைத்த இடம்

மிளகு தினமும் பால் குடிப்பது சமையலறையில் அல்ல. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து பெஞ்சில். அதிலும் வலது பக்கம், கை வைத்துக்கொள்ளும் பலகையின் மேல்தான் கோப்பையை வைப்பாள். ஒரு விரல் அளவுகூடத் தள்ளி வைக்க மாட்டாள்.

மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் சிறியவள், கோபம் காரமானது. நிஜப் பெயர் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதற்கு மட்டும்தான் பயன்பட்டது.

அந்த பெஞ்சை மிளகும் அம்மாவும் சேர்ந்து செய்தார்கள். அம்மா பலகை அறுத்தாள், மிளகு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா திருகாணி முடுக்கினாள், மிளகு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அப்பா நடுநடுவே வந்து, "கோணலா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு வேலை கப்பலில். கடலுக்கு அடியில் நீளமாகக் கேபிள் போடும் கப்பல் அது. ஒரு நாட்டில் பேசுவது இன்னொரு நாட்டில் கேட்பதெல்லாம் அந்தக் கேபிள் வழியாகத்தான். லீவு முடிந்து கிளம்பினால் அம்மா திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.

கிளம்பிய அன்று காலையில் அம்மா அந்தப் புது பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடித்தாள்.

"மழையில கெடாம இருக்க இப்பவே மருந்து பூசிடலாமாம்மா? கடையில பளபளன்னு விக்கறாங்களே" என்று மிளகு கேட்டாள்.

"மரம் இன்னும் ஈரமா இருக்கு. ஈர மரம் மருந்தைக் குடிக்காது. நல்லாக் காயட்டும். மழைக்கு முன்னாடி நீயும் அப்பாவும் அடிச்சிடுங்க."

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. அம்மா கோப்பையைப் பலகையில் வைத்துவிட்டு மிளகைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை. மறுபடியும் ஹாரன் அடித்தது.

அம்மா போன பிறகு மிளகு அந்தக் கோப்பையை எடுத்தாள். அடியில் டீ வழிந்திருந்தது போலிருக்கிறது. பலகையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் அறுந்த வட்டம்.

அது வெறும் டீக் கறை என்று மிளகுக்கும் தெரியும். ஆனால் அம்மா வைத்துவிட்டுப் போன கறை. அம்மா நினைவு வரும்போதெல்லாம் போய் அதன் பக்கத்தில் உட்காருவாள். அம்மா நினைவு வராதது கணக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் மட்டும்தான். அப்போது வேறு கவலை இருக்கும்.

நாட்கள் போயின. மரம் காய்ந்தது. வானத்தின் ஓரத்தில் மேகம் கூட ஆரம்பித்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கையில் உப்புத்தாள் இருந்தது.

அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை தேய்ப்பதும் துடைப்பதும்தான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. ஜன்னலில் ஒரு விரல் ரேகை தெரிந்தால் போதும், சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போவார். ஸ்பூன், கதவுப் பிடி, மிளகின் மூக்கு, எதையும் விட்டதில்லை.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். அவருடைய கண்ணாடியோ எப்போதும் அவர் மூக்கின் மேல் இருக்கும். அந்தக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று மிளகு கேட்டதில்லை.

"எதுக்குப்பா உப்புத்தாள்?"

"மேல சொரசொரன்னு இருக்கு பாரு. தேய்ச்சுவிட்டாத்தான் மருந்து உள்ள இறங்கும். அப்படியே கறையும் போயிடும். எத்தனை கறை. பறவை எச்சம், இலைக் கறை. அந்தப் பக்கம் ஏதோ வட்டமா வேற இருக்கு."

மிளகு சட்டென்று அந்த வட்டத்தைப் பார்த்தாள்.

அப்பா இடது பக்கத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். சரக், சரக் என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்ந்தது. மிளகு ஓடிப் போய் வலது கைப்பலகையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரும்மா. அங்க தேய்க்கணும்."

"கால் மரத்துப் போச்சு."

"மரத்துல உக்காந்தா மரத்துத்தான் போகும். எழுந்திரு."

"முடியல."

"இப்பத்தானே ஓடி வந்த?"

"அதனாலதான் மரத்துப் போச்சு."

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். மிளகு வானத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனால், 'ஒரு டீக் கறைக்கா இவ்வளவு?' என்று அப்பா சிரித்துவிட்டால் என்ன செய்வது? வேறு எதற்குச் சிரித்தாலும் பரவாயில்லை. இதற்குச் சிரித்தால் அவளால் தாங்க முடியாது.

"சரி, கடைக்குப் போய் முதல்ல மருந்து வாங்கிட்டு வந்துடுவோம். அதுக்குள்ள உன் கால் சரியாகட்டும்" என்றார் அப்பா.

கால் உடனே சரியாகிவிட்டது.

பெயின்ட் கடையில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய முழங்கை வரை பல நிறங்களில் பெயின்ட் ஒட்டியிருந்தது. வெயிலும் மழையும் படுகிற தோட்டத்து பெஞ்ச் என்றதும் அவர் மூன்று டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது கறுப்பு மருந்து. தார் மாதிரி இருக்கும். வேலிக் கம்பத்துக்கு அடிப்பாங்க. கரையான் கிட்டயே வராது. ஒருதரம் அடிச்சா பல வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

"இதுதான் நமக்கு" என்றார் அப்பா உடனே.

"இருங்க சார், முழுசா சொல்லிடறேன். இது வார்னிஷ். பளபளன்னு நிக்கும். இது மூணாவது, நிறமில்லாத மருந்து. தண்ணி மாதிரி இருக்கும், மரம் குடிச்சுடும். மேல ஒண்ணும் தெரியாது. ஆனா வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு கை அடிக்கணும். சலிச்சுப் போயிடும்னு நிறையப் பேர் வாங்க மாட்டாங்க."

மிளகு மேசை விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு மூன்று டப்பாக்களையும் பார்த்தாள்.

"அக்கா, இதெல்லாம் அடிச்சா கீழ இருக்கறது தெரியுமா?"

"கீழ என்ன இருக்கு?"

மிளகு சற்றுத் தயங்கினாள். "மரம்" என்றாள்.

"கறுப்புல தெரியாது. மத்த ரெண்டுலயும் தெரியும்."

அப்பா பணப்பையை எடுத்தார். கறுப்பு டப்பாவின் பக்கம் அவருடைய கை போனது.

"அப்பா, உங்க கடைக்கு வர்றவங்களுக்கு எடுத்த உடனே கண்ணாடி கொடுத்துடுவீங்களா?"

"அது எப்படி? முதல்ல ஒவ்வொரு லென்ஸா மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுவோம். இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதான்னு கேட்டுட்டுத்தான்."

"பெஞ்சுக்கு மட்டும் கேக்க வேண்டாமா?"

பெயின்ட் கடை அக்கா சிரித்துவிட்டார். அப்பா பணப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் மூன்று மருந்திலும் கொஞ்சம் கொஞ்சம் மூன்று சின்னப் புட்டிகளில் ஊற்றி அக்கா கொடுத்தார். "கையில படாம கையுறை போட்டுக்கோ. அப்பா பக்கத்துல இருக்கும்போதுதான் திறக்கணும்" என்றார்.

மிளகு பிரஷ்கள் தொங்கிய கம்பியிலிருந்து மூன்றை எடுத்தாள்.

"நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு?"

"இருக்கட்டும்பா" என்றாள் மிளகு. அப்பா மூன்றுக்கும் பணம் கொடுத்தார்.

பெஞ்ச் செய்தபோது மிஞ்சிய பலகைத் துண்டுகள் படிக்கட்டின் அடியில் கிடந்தன. மிளகு அவற்றில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தாள். பிறகு அம்மாவின் கோப்பையைக் கொண்டுவந்து, "அப்பா, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

மகள் தானாக டீ வேண்டுமா என்று கேட்டது அப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதல் டீயைக் குடித்து முடித்ததும் இன்னொன்று வந்தது. அதன் பிறகு மற்றொன்று. ஒவ்வொரு முறையும் மிளகு கோப்பையின் அடியில் கொஞ்சம் டீயைத் தடவி ஒரு பலகையில் வைத்து அழுத்தினாள்.

"எனக்கு இன்னிக்குத் தூக்கம் வராது" என்றார் அப்பா. "எதுக்கு இந்த வட்டம் எல்லாம்?"

"கீழ இருக்கறது எதுல தெரியுது, எதுல தெரியலைன்னு பார்க்க."

அதுவும் உண்மைதான். முழு உண்மை இல்லை, அவ்வளவுதான்.

வட்டங்கள் காய்ந்ததும் இருவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். மிளகுக்கு அப்பாவின் கையுறை முழங்கை வரை வந்தது. ஒரு துண்டுக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்கு நிறமில்லாத மருந்து. மூன்றையும் காயவைத்தார்கள்.

அந்தத் தெருவில் ஒரு பூனை உண்டு. யார் வீட்டுப் பூனையும் இல்லை. தினமும் ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் வந்து, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, ஒரு வேலையும் செய்யாமல் போய்விடும். அதனால் எல்லோரும் அதை மேனேஜர் என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் வந்தது. பலகைத் துண்டுகளைச் சுற்றிப் பார்த்தது. கறுப்புத் துண்டின் மேல் ஏறி நின்று யோசித்தது. பிறகு படிக்கட்டு வழியாக ஏறி, துணிக்கொடியிலிருந்து விழுந்து கிடந்த அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் நிதானமாக நடந்து போனது.

அப்பா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகு முழுவதும் கறுப்புப் பாதத் தடங்கள்.

"நேத்து அடிச்சது. இன்னுமா காயல?"

"வேலிக் கம்பத்துக்கு அடிக்கறதுன்னு அந்த அக்கா சொன்னாங்களே. வேலி மேல யாரும் உக்கார மாட்டாங்க" என்றாள் மிளகு. மேனேஜர் காலை நக்குவதற்குள் அதைத் தூக்கிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மேனேஜர் அவளைக் கீறிவிட்டு, வேலையை ராஜினாமா செய்தது போல மதில் தாண்டிப் போனது.

கறுப்பு மருந்து வேண்டாம் என்று ஆகிவிட்டது. கறுப்புத் துண்டில் போட்ட டீ வட்டம் இருந்த இடமே தெரியவில்லை என்பதை மிளகு மட்டும் கவனித்தாள். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வார்னிஷ் அடித்த துண்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பா அதைக் கையில் எடுத்து, சாய்த்துப் பிடித்து, தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இதுதாம்மா. இதைப் பார்த்தாலே துடைக்கணும்போல இருக்கு."

மிளகுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதன் அடியில் டீ வட்டம் அழகாகத் தெரிந்தது. அவள் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போது அம்மா அடிக்கடி சொல்லும் ஒன்று ஞாபகம் வந்தது. கேபிளைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் அதன் முனையை எவ்வளவு கவனமாக மூடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். 'தண்ணி நடுவுல ஓட்டை தேடாது மிளகு. முனை வழியாத்தான் உள்ள வரும்.'

பெஞ்சுக்கும் முனை உண்டே. நான்கு கால்கள். நான்கும் மண்ணில்தான் நிற்கின்றன.

மிளகு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, வார்னிஷ் துண்டையும் நிறமில்லாத மருந்து அடித்த துண்டையும் அதில் செங்குத்தாக நிற்க வைத்தாள். அடுத்த சில நாட்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தாள்.

தண்ணீர் அடிமுனை வழியாக ஏறியிருந்தது. வார்னிஷ் துண்டில் அது மேல்தோலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அங்கங்கே வெளுத்து, கொப்புளம் போல எழும்பி, ஓரம் உரிய ஆரம்பித்திருந்தது. டீ வட்டம் அதற்குள்ளே கலங்கிப் போயிருந்தது. மற்றத் துண்டில் அடியில் மட்டும் ஈரம் ஏறி நின்றிருந்தது. மேலே ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வட்டம் அப்படியே இருந்தது.

"அப்பா, இங்க வாங்க."

அப்பா குனிந்து பார்த்தார். வார்னிஷ் தோலை நகத்தால் நெம்பினார். அது கையோடு வந்தது. அவருடைய முகம் வாடிவிட்டது.

"பளபளப்பு போச்சே."

"மூணாவது மருந்துதாம்பா. ஆனா காலோட அடியை நல்லா ஊற வைக்கணும். அங்கதான் தண்ணி ஏறுது."

"சரிதான். ஆனா வருஷா வருஷம் அடிக்கணுமே?"

"அடிக்கலாம். அம்மா வந்து அடிப்பா." மிளகு இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "பல வருஷம் தாங்கற மருந்து அடிச்சா, பெஞ்சுக்காக யாரும் வர வேண்டியதில்லையே. இதுன்னா மழைக்கு முன்னாடி அம்மா வந்தே ஆகணும்."

அப்பா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். மிளகும் பின்னாலேயே போனாள். அவர் வலது பக்கம் குனிந்தார்.

"முதல்ல இந்தக் கறையை எடுத்துடறேன். இது நிறமில்லாத மருந்து. கறையோட அடிச்சா, கறை அதுக்கு அடியில அப்படியே நின்னுடும்."

"நிக்கட்டும்."

"என்னம்மா?"

"நிக்கட்டும்பா. அது அம்மா கப் வச்ச இடம். போற அன்னிக்கு வச்சது." மிளகு வட்டத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள். "அதைத் தேய்க்காதீங்க. எனக்கு அம்மா ஞாபகம் வந்தா இங்கதான் வந்து உக்காருவேன். உலகத்துல எல்லாரும் பேசிக்கறதுக்கு அம்மா கேபிள் போடறா. நம்மகிட்டப் பேசத்தான் லைன் கிடைக்க மாட்டேங்குது."

அப்பா சிரிக்கவில்லை.

உப்புத்தாளைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடி இருந்தது.

"கப்பலுக்குப் புதுசு எடுத்துட்டுப் போனா. இது சாப்பாட்டு மேசையில இருந்துச்சு. இடது லென்ஸைப் பாரு."

மிளகு பார்த்தாள். லென்ஸின் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது.

"கண்ணாடியைப் பிடிக்கத் தெரியாது உங்கம்மாவுக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஓரத்தைப் பிடி, லென்ஸைப் பிடிக்காதேன்னு" என்றார் அப்பா. "கடையில நாள் முழுக்க எத்தனையோ பேர் கண்ணாடியைத் துடைக்கறேன். இதை மட்டும் துடைக்க முடியல. பையில வச்சுக்கிட்டே சுத்தறேன்."

மிளகுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. தான் மட்டுமே ஏங்குவதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவருடைய கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இருவரும் அந்த ரேகையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

"நீங்களும்தான் சொல்லல."

"கால் மரத்துப் போச்சுன்னு நீ சொன்னதை நான் நம்பிட்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

அப்பா உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து விரல் நுனியில் சுற்றிக்கொண்டார். லென்ஸ் தேய்க்கும்போது உட்காருவது போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வட்டத்துக்கு வெளியே தேய்த்தார், வட்டத்துக்கு உள்ளே தேய்த்தார். வட்டத்தின் மேல் மட்டும் தாள் படவே இல்லை. முடிந்தபோது கறை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு கடைக்குப் போய் மூன்றாவது மருந்தை வாங்கி வந்தார்கள். பழைய டப்பா மூடிகள் நான்கை எடுத்து, அவற்றில் மருந்தை ஊற்றி, பெஞ்சின் ஒவ்வொரு காலையும் ஒரு மூடிக்குள் தூக்கி வைத்தார்கள்.

"பெஞ்ச் கால் நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றாள் மிளகு.

"உனக்கு மட்டும்தான் கால் மரத்துப் போகுமா? அதுக்கும் வலிக்கும்ல."

மருந்து மூடிகளில் குறையக் குறைய அப்பா மறுபடி ஊற்றினார். மரம் குடித்துக்கொண்டே இருந்தது. மேலே பலகைகளுக்கு இருவரும் பிரஷால் அடித்தார்கள். வட்டத்தின் மேல் மிளகு தானே அடித்தாள். அந்த இடம் நனைந்து கொஞ்சம் கறுத்தபோது அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. காய்ந்ததும் வட்டம் பழையபடி பழுப்பு நிறத்துக்கு வந்தது. அறுந்த இடம்கூட அப்படியே இருந்தது.

மூன்றாவது பிரஷை அவள் உறையிலிருந்து பிரிக்கவே இல்லை.

அந்த வாரம் மழை வந்தது. சாதாரண மழை இல்லை. கூரையிலிருந்து அருவி மாதிரி கொட்டியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அப்பாவும் மிளகும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பெஞ்சைப் பார்த்தார்கள். பலகை மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, நிறைந்தது, வழிந்து ஓடியது. மேனேஜர் பெஞ்சுக்கு அடியில் ஒதுங்கி, எதிலும் சம்பந்தமில்லாதது போல உட்கார்ந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. அம்மா.

கப்பலிலிருந்து பேசினால் ஒரு தொல்லை உண்டு. இங்கே சொல்வது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

"அங்க மழையாமே, பெஞ்ச் எப்படி..."

"அம்மா, மருந்து அடிச்சிட்டோம்..."

இருவரும் நிறுத்தினார்கள். கடல் இரைச்சல் மாதிரி ஏதோ கேட்டது.

"எந்த மருந்து?" என்றாள் அம்மா.

"வருஷா வருஷம் அடிக்க வேண்டியது" என்று மிளகு கத்திச் சொன்னாள். அந்தச் சொற்கள் கடல் தாண்டிப் போய்ச் சேரும் வரை காத்திருந்தாள். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது.

முன்பெல்லாம் லைன் போனால் மிளகு போனையே முறைத்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு அப்பா, "கேட்டிருக்கும்" என்றார். அவளும் தலையாட்டினாள். ஏக்கம் குறையவில்லை. ஆனால் பங்கு போட ஆள் இருந்தது.

மழைக்காலம் முடிந்து, தோட்டத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த பிறகு ஒரு நாள் வாசலில் அதே கார் வந்து நின்றது. இந்த முறை ஹாரன் அடிப்பதற்குள் மிளகு தெருவில் இருந்தாள்.

அம்மா வெயிலில் கறுத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மிளகைத் தூக்கப் பார்த்து, "என்ன இவ்வளவு கனக்கற?" என்று இறக்கிவிட்டு, மறுபடி தூக்கினாள்.

உள்ளே வந்து பையை வைத்தவள் மேசை மேல் இருந்த கூட்டைப் பார்த்தாள். சட்டை மாற்றும்போது அப்பா வைத்தது.

"அட, என் பழைய கண்ணாடி. புதுசோட காது உடைஞ்சு நான் பட்ட பாடு..." என்று எடுத்தவள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "ஐயே, எவ்வளவு அழுக்கு. கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுலயே இப்படியா?"

சட்டை நுனியால் இரண்டு தேய்ப்பு. ரேகை போய்விட்டது.

அப்பாவின் கை நீட்டியபடி அந்தரத்தில் நின்றது. மிளகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா மிளகைப் பார்த்தார். முதலில் மிளகுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அப்பாவுக்கும் வந்தது. அடக்க அடக்க அதிகமாகத்தான் வந்தது.

"என்ன சிரிப்பு?" என்றாள் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. லென்ஸின் நடுவில் புதிதாக ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. ஓரத்தைப் பிடிக்கணும்" என்றார் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்பா டீ போட்டுக் கொண்டுவர, மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். அம்மா பெஞ்சின் கால்களைக் குனிந்து தட்டிப் பார்த்தாள். பலகையைத் தடவினாள். வலது பக்கம் வந்ததும் அவள் கை நின்றது. கட்டைவிரலால் வட்டத்தைத் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள்.

"அது போகாதும்மா" என்றாள் மிளகு. "மருந்துக்கு அடியில இருக்கு."

அம்மா வட்டத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. மிளகை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். காரும் இல்லை, ஹாரனும் இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மிளகு உள்ளே ஓடிப் போய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். உறை பிரிக்காத பிரஷ்.

"இது உன்னோடது."

அம்மா உறையைப் பிரித்து, பிரஷைத் தன் உள்ளங்கையில் தடவிப் பார்த்தாள். "டப்பாவுல மருந்து மிச்சம் இருக்கா? இப்பவே ஒரு கை அடிச்சிடட்டுமா?"

"வேணாம்" என்றாள் மிளகு அவசரமாக. "இப்ப அடிக்கக் கூடாது. அடுத்த மழைக்கு முன்னாடிதான் அடிக்கணும். அப்ப நீ இங்க இருக்கணும். இல்லாட்டி பெஞ்ச் கெட்டுப் போயிடும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நிஜமா?"

"எல்லாம் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தோம்" என்றார் அப்பா.

"அப்ப சரி. லீவு கேக்கும்போது பெஞ்சுக்கு மருந்து அடிக்கணும்னே எழுதிடறேன்" என்று சொல்லி, அம்மா பிரஷை மறுபடி உறைக்குள் போட்டு மிளகிடம் கொடுத்தாள். "பத்திரமா வை."

பிறகு அம்மா டீயைக் குடித்து முடித்தாள். கோப்பையை எங்கே வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.